தேயிலை வாங்குவோரைப் போல விலை குறித்து ஏலம் கேளுங்கள்: மலையகப் பழம்பொருள்களை இணையத்தில் தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் மலைகளில் பறிக்கப்படும் கொழுந்து தேயிலையாகிக் கொழும்புக்குச் சென்று ஏலத்தில்தான் விலை பெறுகிறது. 1883ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த ஏலம், 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றின்போது மண்டபத்தை விட்டு இணையத்துக்கு மாறியது. ஆனால் கூவிக் கேட்ட காலத்திலும் திரையில் கேட்கும் இக்காலத்திலும் தேயிலை வாங்குவோர் ஏலம் நடக்கும் நேரத்தில் உட்கார்ந்து விலையை யோசிப்பதில்லை. மாதிரிகள் முன்பே அவர்களிடம் வந்துவிடும். சாயத்தை ஊற்றிச் சுவைத்துப் பார்த்து, பட்டியலில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் எதிரே தாம் எதுவரை போகலாம் என்று குறித்துக்கொண்ட பிறகே ஏலத்துக்கு அமர்வார்கள்.

எங்களில் பெரும்பாலோர் பழகிய ஏலம் வேறு. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பூசைக்கு வைத்த பழத்தையோ மாலையையோ ஏலம் விடும்போது, விலை ஏற ஏறக் கூட்டம் மகிழ்கிறது. கேட்டவருக்கு மனநிறைவு, கோயிலுக்கு வருமானம். அங்கே கூடுதலாகக் கொடுப்பது பிழையன்று, அது ஒரு நேர்த்தி. அதே மனத்தோடு இணைய ஏலத்துக்குள் நுழைந்தால், நாம் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு பவுணும் கடல் கடந்த ஊரில் முன்பின் அறியாத ஒருவரின் பைக்குப் போகிறது. அடுத்த பொருளை வாங்க நம்மிடம் பணம் இருக்காது.

நான் ஹட்டனிலிருந்து கடந்த பன்னிரண்டு ஆண்டுகளாக மலையகம் சார்ந்த படத் தபாலட்டைகளையும் தபால் உறைகளையும் தோட்டத்துக் காகிதங்களையும் இணைய ஏலங்களில் வாங்கி வருகிறேன். தொடக்கத்தில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் கூடையோடு வரிசையாக நிற்கும் தபாலட்டை ஒன்றுக்காக நள்ளிரவு தாண்டியும் விடாமல் கேட்டு, 46 பவுணுக்கு எடுத்தேன். அடுத்த எட்டு மாதங்களில் அதே அட்டை மூன்று முறை ஏலத்துக்கு வந்தது. மூன்று முறையும் 12 பவுணுக்குள் விற்பனையானது. அதன்பிறகு நான் கற்றுக்கொண்ட முறையையே இங்கே எழுதுகிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இப்போது தம் முன்னோரின் காலத்துப் பொருள்களைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய பணம் வீணாகக்கூடாது என்பதே என் எண்ணம்.

எவை எங்கே கிடைக்கின்றன

மலையகத்தின் பழம்பொருள்களில் பெரும்பகுதி மலையகத்தில் இல்லை. துரைமாரும் சுற்றுலா வந்தோரும் இங்கிருந்து எழுதிய அட்டைகளும் கடிதங்களும் பிரித்தானியாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டன. அந்தக் குடும்பங்களின் வீடுகள் ஒழிக்கப்படும்போது பழைய பெட்டிகளிலிருந்து அவை வெளிவந்து, ஈபே, டெல்காம்ப் போன்ற தளங்களிலும் பிரித்தானிய மாவட்ட நகரங்களின் சிறிய ஏல நிறுவனங்களிலும் விற்பனைக்கு வருகின்றன. 1890ஆம் ஆண்டில் கொழும்பில் தொடங்கப்பட்ட பிளாட்டே நிறுவனம், ஸ்கீன் நிறுவனம், கொழும்பு அப்போதிக்கரீஸ் ஆகியவை வெளியிட்ட தபாலட்டைகள் வாரந்தோறும் கிடைக்கக்கூடியவை. நானுஓயா, பண்டாரவளை, பதுளை முதலிய ஊர்களின் தபால் முத்திரை விழுந்த உறைகளும் அடிக்கடி வரும். பிரதான ரயில் பாதை நானுஓயாவை 1885இலும், பண்டாரவளையை 1894இலும், பதுளையை 1924இலும் எட்டியதை நினைவில் வைத்தால், ஓர் உறை எந்த வழியாகப் பயணம் செய்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

அரிதானவை வேறு சில. 19ஆம் நூற்றாண்டில் கொழும்புக் கோப்பி ஆலைகள் கூலிக்காக வழங்கிய உலோக வில்லைகள், 20ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்டோருக்குத் தோட்ட இலக்கமும் ஆள் இலக்கமும் பொறித்துக் கொடுக்கப்பட்ட தகர வில்லைகள், தொழிலாளி தோட்டம் மாறும்போது அவருடைய கடனைக் குறித்துக் கொடுக்கப்பட்டு, 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட ‘துண்டு’ச் சீட்டுகள், தொழிலாளரின் வேலை நாளையும் கூலியையும் பதிந்த பழைய செக்ரோல் ஏடுகள். இவை வந்தால் நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்பு அடங்கும்வரை ஏலத்தொகை எதையும் பதியாதீர்கள்.

போட்டி இல்லாத இடத்தில் தேடுவதே ஏலத்தின் முதல் உத்தி

ஓர் ஏலத்தில் உங்களுக்கு நிகரான ஆர்வமுள்ள இன்னொருவர் இருந்தாலே விலை ஏறிவிடும். ஆகவே எப்படிக் கேட்பது என்று யோசிப்பதற்கு முன்னர், மற்றவர் பார்க்காத பொருளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யோசிக்க வேண்டும். இலங்கையின் பழைய ஆங்கிலப் பெயரான சிலோன் (Ceylon) என்பதில் கடைசிக்கு முந்திய எழுத்து ‘ஓ’; பிரெஞ்சுக்காரர் அந்த இடத்தில் ‘ஏ’ (Ceylan) எழுதுவார்கள். அந்த ஓரெழுத்தை மாற்றித் தேடினால், ஆங்கிலத்தில் மட்டும் தேடுவோர் கண்ணில் படாத பிரெஞ்சு விற்பனையாளரின் அட்டைகள் வரும். நுவரெலியா என்ற பெயரைப் பழைய ஆங்கிலேயர் பல விதமாக எழுதினர். டிக்கோயா, தலவாக்கலை ஆகியவற்றுக்கும் அப்படியே. எழுத்துக்கூட்டல் ஒவ்வொன்றையும் தனித்தனித் தேடலாகச் சேமித்து, புதிய பொருள் வந்தால் மின்னஞ்சல் வரும்படி செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு வழி, பிழையான பிரிவில் போடப்பட்டவற்றைத் தேடுவது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் இந்தியா என்ற பிரிவிலும் கிடக்கும். ஊர்ப் பெயரே இல்லாமல் ‘தேயிலைத் தோட்டம், பழைய படம்’ என்று மட்டும் எழுதப்பட்ட அட்டையின் பின்புறத்தில் ஹப்புத்தளைத் தபால் முத்திரை தெளிவாக விழுந்திருப்பதை நான் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன். ஐம்பது அட்டைகள் கொண்ட கட்டாக விற்கப்படுபவற்றின் படங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். பொறுமையாகப் பார்ப்பவருக்கு அங்கே பலன் உண்டு.

விலையைத் தீர்மானித்தல்

முதலில், கேட்கும் விலையையும் விற்ற விலையையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. ஒருவர் தன் அட்டைக்கு 80 பவுண் என்று எழுதி ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது அதன் விலைக்குச் சான்றாகாது. ஈபேயில் விற்பனையானவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி உண்டு. அது ஏறத்தாழ கடந்த 90 நாள்களின் விற்பனைகளைக் காட்டும். ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் ஒதுக்கி, உங்களுக்கு வேண்டிய வகைப் பொருள்களின் விற்ற விலையையும் திகதியையும் நிலையையும் ஒரு கொப்பியில் எழுதி வந்தால், ஓராண்டில் உங்களிடம் இருக்கும் விலைப்பட்டியல் எந்த அச்சு விலைப்பட்டியலையும்விடப் பயன் தரும். முத்திரைகளுக்கான (தபால்தலைகளுக்கான) அச்சு விலைப்பட்டியல்கள் பெரும்பாலும் கடை விலையைச் சொல்பவை. ஏலத்தில் சாதாரண நிலையிலுள்ள முத்திரை அதைவிடக் குறைவாகவே போகும்.

அடுத்து, சந்தை விலைக்கு மேல் அந்தப் பொருள் உங்களுக்கு எவ்வளவு பெறுமதியானது என்பதைத் தனியாக எழுதுங்கள். உங்கள் பாட்டி பெயர் பதிந்து வேலை செய்த தோட்டத்தின் படம் என்றால், அதற்கு இன்னொருவர் கொடுப்பதைவிட இரண்டு மடங்கு கொடுப்பதிலும் பிழையில்லை. ஆனால் அந்த மேலதிகத் தொகையை ஏலத்தின் கடைசி நிமிடத்தில் எதிராளி தீர்மானிக்க விடக்கூடாது. முந்திய நாள் பகலில், வீட்டுச் செலவுக் கணக்கை முன்னால் வைத்துக்கொண்டு நீங்களே தீர்மானிக்க வேண்டும்.

உண்மையானதா என்ற ஐயம் இருந்தால் தொகையைக் கணிசமாகக் குறைக்க வேண்டும். மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய் நிலங்களை ஏலத்தில் எடுத்த நிறுவனங்கள் எதிர்பார்த்த இலாபத்தை ஏன் பெறவில்லை என்று ஆராய்ந்த மூன்று பொறியியலாளர், 1971ஆம் ஆண்டில் அதற்கு ஒரு விளக்கம் கொடுத்தனர். பெறுமதியை யாரும் சரியாக அறியாதபோது, எல்லோரும் ஆளுக்கொரு மதிப்புப் போடுகிறார்கள். அவர்களுள் மிக அதிகமாகப் பிழைவிட்டு மதிப்பிட்டவரே வெல்கிறார். இதை வென்றவரின் சாபம் என்பார்கள். தகர வில்லை ஒன்றுக்குப் பத்துப் பேர் கேட்டு நீங்கள் வென்றால், மற்ற ஒன்பது பேரும் அதில் எதையோ கண்டு பின்வாங்கியிருக்கலாம் என்பதையும் எண்ண வேண்டும்.

ரூபாக் கணக்கு

நம்மவர் பலர் விடும் பிழை, திரையில் தெரியும் தொகையை மட்டும் பார்ப்பது. நான் பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போடுவேன். பொருள் என் கைக்கு வந்து சேரும்போது மொத்தமாக 12,000 ரூபாவுக்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொள்வோம். சுங்கத்துக்கும் தபாலகக் கட்டணத்துக்கும் 1,000 ரூபாவை ஒதுக்கினால் மீதி 11,000. வங்கி வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு நூற்றுக்கு 3 வீதம் கூடுதலாக எடுக்கும் என்று கொண்டால், 11,000ஐ 1.03ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 10,680 ரூபா வரும். கணக்கின் எளிமைக்காக ஒரு பவுண் 400 ரூபா என்று வைத்தால் அது 26 பவுண் 70 பென்ஸ். தபால் செலவு 7 பவுண் என்றால், நான் பதியக்கூடிய உச்சத் தொகை 19 பவுண் 70 பென்ஸ் மட்டுமே.

அதே பொருள் ஓர் ஏல நிறுவனத்தில் வந்தால் கணக்கு இன்னும் இறுகும். அங்கே வாங்குபவர் கட்டணம் என்று ஒன்று உண்டு. அது 25 வீதமாகவும், அதன்மீது பிரித்தானிய வற் வரி 20 வீதமாகவும், இணையவழி கேட்பதற்கான மேலதிகக் கட்டணம் வரியோடு 6 வீதமாகவும் இருந்தால், ஏலத்தில் முடிந்த விலையான சுத்தியல் விலைக்கு மேல் 36 வீதம் சேர்கிறது. 19.70ஐ 1.36ஆல் வகுத்தால் 14 பவுண் 48 பென்ஸ்தான். பல நிறுவனங்கள் பொதி கட்டி அனுப்பும் வேலையை வேறொருவரிடம் விடுவதால், தபால் செலவு பொருளின் விலையைவிடக் கூடிவிடுவதும் உண்டு. அனுப்பும் செலவை எழுத்தில் கேட்டுப் பெறாமல் அங்கே ஏலம் கேட்காதீர்கள்.

நாணய மாற்று விகிதம் சிறு விடயமன்று. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. அந்த நாள்களில் டொலரில் உச்சத் தொகையைப் பதிந்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தவர்களுக்கு, வெற்றியே பெரும் சுமையாகிவிட்டது. இப்போது விகிதம் அப்படித் துள்ளவில்லையென்றாலும், ஏலம் முடியும் நாளன்று மீண்டும் ஒருமுறை கணக்குப் போடுவதை நான் விடுவதில்லை. உங்கள் கடனட்டைக்கு வங்கி எந்த விகிதத்தைப் பயன்படுத்துகிறது, என்னென்ன கட்டணங்களைச் சேர்க்கிறது என்பதைக் கிளையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பொருளின் வகைப்படி இறக்குமதி வரி மாறும் என்பதால், விலை கூடிய பொருள் என்றால் சுங்கத்திடமும் முன்பே விசாரிப்பது நல்லது.

தானியங்கி ஏலம் எப்படி வேலை செய்கிறது

ஈபே போன்ற தளங்களில் நீங்கள் பதியும் உச்சத் தொகை அப்படியே விலையாகிவிடுவதில்லை. உங்களுக்காகத் தளமே, எதிராளியை விஞ்சத் தேவையான அளவு மட்டும் படிப்படியாகக் கேட்கும். டொலர் ஏலத்தில் விலை 5க்கும் 25க்கும் இடையில் இருக்கும்போது ஒரு படி 50 சதம். 25க்கும் 100க்கும் இடையில் ஒரு டொலர். முதலாமவர் 40 டொலரை உச்சமாகப் பதிந்திருக்க, நீங்கள் 18.37 பதிந்தால், விலை 18.87 ஆகும், முன்னிலையில் அவரே இருப்பார். நீங்கள் 41.26 பதிந்தால், 41 டொலருக்கு உங்களுக்குக் கிடைக்கும். 40.55 பதிந்தாலும் வெல்வீர்கள். முழுப் படி இல்லாததால் உங்கள் தொகையான 40.55ஐயே செலுத்துவீர்கள். ஆனால் சரியாக 40 பதிந்தால் தோற்பீர்கள், ஏனெனில் சமமான தொகைகளில் முதலில் பதிந்தவருக்கே முன்னுரிமை. பெரும்பாலானோர் 20, 25, 50 என்று முழு எண்களையே பதிவதால், 25 என்று நினைத்திருந்தால் 25.63 என்று பதிவது பயன் தரும். பதிந்த பிறகு தொகையை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். புள்ளியைத் தவறவிட்டு 19.37ஐ 1937 ஆக்கிவிட்டால், பிழையான தொகை என்று சொல்லி விலக வழியுண்டு; ஆனால் ஏலத்தின் கடைசி 12 மணித்தியாலங்களில் பதிந்ததாயின், பதிந்த ஒரு மணித்தியாலத்துக்குள் மட்டுமே விலகலாம்.

இரண்டாவது உயர்ந்த தொகையை ஒட்டியே வென்றவர் செலுத்துவது என்ற இந்த முறைக்கு இணையத்தைவிட வயது அதிகம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே முத்திரை வணிகர் தபால்வழி ஏலங்களில் இதைக் கையாண்டனர். வில்லியம் விக்ரே என்ற பொருளியலாளர் 1961ஆம் ஆண்டில் இதைக் கணிதமாக நிறுவினார். 1996இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் காட்டியது இதுதான்: செலுத்தும் விலை மற்றவரின் தொகையைப் பொறுத்தது என்பதால், உங்களுக்கு அந்தப் பொருள் உண்மையில் எவ்வளவு பெறுமோ அதையே பதிவதுதான் சிறந்தது. குறைத்துப் பதிந்தால் உங்களுக்குக் கட்டுப்படியான விலையில் அது கைநழுவலாம். கூட்டிப் பதிந்தால் கட்டுப்படியாகாத விலையில் வெல்லலாம். கொப்பியில் எழுதிய தொகையை மாற்றாமல் ஒரே முறை பதியுங்கள் என்று நான் சொல்வதன் அடிப்படை இந்தக் கணக்கே.

எப்போது பதிவது

ஏட்டளவில் அந்தத் தொகையை முதல் நாளே பதிந்துவிடலாம். நடைமுறையில் மனிதர்கள் அப்படி நடப்பதில்லை. பலர் தம் உண்மையான உச்சத்தைப் பதியாமல், முன்னிலை கிடைக்கும்வரை ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே போவார்கள். நீங்கள் முன்கூட்டியே பதிந்தால் அவர்களுக்கு ஏறி வர நேரம் கிடைக்கிறது. உங்கள் உச்சத்தைத் தொட்டுப் பார்த்து உங்களுக்கு விலையை ஏற்றிவிட்டு நிற்பார்கள், அல்லது வீம்புக்கு அதைத் தாண்டுவார்கள். கடைசிச் சில விநாடிகளில் பதிந்தால் அவர்களுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. இன்னொரு காரணமும் உண்டு: பழம்பொருள் அறிந்தவர் ஒருவர் முன்கூட்டிக் கேட்டால், அவர் கேட்பதே அப்பொருள் நல்லது என்று மற்றவருக்குச் சான்றாகிவிடும். அல்வின் ரோத், அக்செல் ஒக்கன்ஃபெல்ஸ் ஆகிய பொருளியலாளர் இருவர் ஈபே ஏலங்களையும் அப்போது நடந்துவந்த அமேசன் ஏலங்களையும் ஒப்பிட்டு 2002இல் எழுதிய ஆய்வில் இது தெளிவாகிறது. குறித்த நேரத்தில் முடியும் ஈபேயில் கடைசி நிமிடத்தில் கேட்போர் அதிகம்; கடைசிப் பத்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் நேரம் நீளும் அமேசனில் அந்தப் பழக்கம் மிகக் குறைவு.

மலையகத்திலிருந்து கேட்போருக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிரித்தானிய விற்பனையாளர் பலர் ஞாயிறு இரவு 8 மணியளவில் ஏலம் முடியும்படி வைப்பார்கள். அது நமக்குக் கோடையில் திங்கள் அதிகாலை 12.30, குளிர்காலத்தில் 1.30. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஞாயிறு மாலை 6 மணிக்கு முடிவது, நமக்குத் திங்கள் காலை 6.30 அல்லது 7.30. பிரித்தானியர் மார்ச் மாதக் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். அமெரிக்கர் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றுகிறார்கள். இந்த இடைப்பட்ட வாரங்களில் ஒரு மணித்தியாலம் பிந்தி எழுந்து பொருளை இழந்தவர்களை அறிவேன்.

அந்த நேரத்தில் மழையும் இடியும் இருந்தால் மின்சாரம் போகும். மலை மடிப்புக்குள் இருக்கும் லயங்களில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) சமிக்ஞையும் நிலையாக இராது. கடைசி ஐந்து விநாடிக்குக் காத்திருப்பது கொழும்பில் இருப்பவருக்குச் சரி. நமக்கு அது ஆபத்து. நான் பின்பற்றுவது இதுதான்: கையடக்கத் தொலைபேசியை முழுமையாக மின்னேற்றி, பத்து நிமிடத்துக்கு முன்பே உள்நுழைந்து, தொகையை எழுதி வைத்து, இணைப்பு உறுதியாக இருந்தால் 15 அல்லது 20 விநாடி இருக்கும்போது அழுத்துவேன். இணைப்பு தள்ளாடினால் ஐந்து நிமிடத்துக்கு முன்பே பதிந்துவிட்டு உறங்கப் போவேன். காலையில் கொழுந்துக்கோ வேலைக்கோ போக வேண்டியவர்கள் முந்திய மாலையே பதிந்துவிடுவதில் இழப்பு பெரிதன்று, தொகை சரியாகத் தீர்மானிக்கப்பட்டிருந்தால். உங்களுக்குப் பதிலாகக் கடைசி விநாடியில் கேட்டுத்தரும் சேவைகள் இருக்கின்றன. அவற்றில் பல உங்கள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்பவை என்பதால் நான் பயன்படுத்துவதில்லை.

கட்டாவிக்கி போன்ற தளங்களில் கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் ஏலம் நீளும். அங்கே பதுங்கிக் கேட்பதால் பயனில்லை. உங்கள் உச்சத்தைப் பதிந்துவிட்டுத் திரையை மூடுங்கள். நீளும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் கட்டுப்பாட்டைச் சோதிக்கும்.

இலங்கையில் முகநூல் குழுக்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் நடக்கும் ஏலங்களுக்குத் தானியங்கி முறை இல்லை. பின்னூட்டத்தில் எழுதும் தொகையே விலை. முடியும் நேரத்தை யாருடைய கடிகாரப்படி கணிப்பார்கள், நேரம் நீளுமா, நேரில் பார்த்துப் பணம் கொடுக்கலாமா என்பவற்றை முதலில் கேளுங்கள். இங்கே கட்டுகஸ்தோட்டையிலோ வெலிமடையிலோ இருக்கும் விற்பனையாளரை நேரில் சந்திக்க முடியும் என்பது பெரிய வாய்ப்பு.

எதிரே இருப்பவர் யார்

ஏல வரலாற்றைத் திறந்து பாருங்கள். விற்பனையாளரே வேறு கணக்கிலோ நண்பர் மூலமோ விலையை ஏற்றுவது தளங்களின் விதிகளுக்கு எதிரானது; ஆனாலும் நடக்கிறது. ஒரு கணக்கு கடந்த 30 நாள்களில் கேட்டவற்றில் மிகப் பெரும்பங்கு அதே விற்பனையாளரிடம் என்றும், அது அடிக்கடி விலையை ஏற்றிவிட்டு வெல்லாமல் நிற்கிறது என்றும் கண்டால் விலகுங்கள். தோற்ற பிறகு, ‘வென்றவர் வாங்கவில்லை, உங்கள் உச்சத்துக்கே தருகிறேன்’ என்று செய்தி வந்தால் அது உண்மையாகவும் இருக்கலாம். அப்போது உச்சத் தொகையை ஏற்காமல், அந்த மற்றவர் இல்லாதிருந்தால் நீங்கள் செலுத்தியிருக்கக்கூடிய விலையைக் கேளுங்கள்.

நம்மவரே நமக்கு எதிராகக் கேட்பதும் நடக்கிறது. பதுளையிலிருந்து ஒருவரும் ஹட்டனிலிருந்து ஒருவரும் ஒரே துண்டுச் சீட்டுக்காக ஒருவரையொருவர் அறியாமல் விலையை ஏற்றுகிறார்கள். வணிகர் ஒருவர் மற்றவருக்குக் கைம்மாறு கொடுத்து ஏலத்திலிருந்து விலகச் செய்வது பிரித்தானியாவில் 1927ஆம் ஆண்டுச் சட்டத்தால் குற்றம். அதை நான் சொல்லவில்லை. பல பேர் பணம் சேர்த்து, ஒருவர் பெயரில் வெளிப்படையாகக் கூட்டாக வாங்கி, எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் வைப்பதைச் சொல்கிறேன். அப்படிச் சேர்ந்தால், தனியாள் எட்டமுடியாத ஒரு செக்ரோல் ஏட்டையும் வாங்கலாம்.

பொருளின் நிலையும் போலிகளும்

ஏலம் முடிய இரண்டு நாள் இருக்கும்போதே பின்புறப் படத்தையும் அளவையும் எடையையும் கேளுங்கள். பதில் தராதவரிடம் வாங்க வேண்டாம். தபாலட்டையில் பின்புறம் மிக முக்கியம்: செய்தியும் முகவரியும் எழுத இடம் பிரித்த அட்டைகளைப் பிரித்தானியா 1902இல் அனுமதித்தது, பிற நாடுகள் அடுத்த சில ஆண்டுகளில் பின்பற்றின. எனவே பிரிக்கப்பட்ட பின்புறமுள்ள அட்டையை ‘1895ஆம் ஆண்டு’ என்று விற்பவரின் மற்றக் கூற்றுகளையும் ஐயத்தோடு பாருங்கள்.

இலங்கையின் முதல் முத்திரை 1857இல் வந்தது. 1859ஆம் ஆண்டின் மங்கிய ரோசா நிற நாலு பென்ஸ் முத்திரை உலகப் புகழ் பெற்றது. அந்தத் தொடக்ககால முத்திரைகள் ஓரத்தில் துளையிடப்படாதவை. துளையிட்டவை 1861 முதல் வந்தன. பிந்தியவற்றின் ஓரத்தை நறுக்கி முந்தியவையாகக் காட்டுவது பழைய மோசடி. நாலு பக்கமும் அகன்ற ஓரம் இல்லாவிட்டால், நம்பத்தக்க நிபுணரின் சான்றிதழ் இல்லாமல் பெருந்தொகை கேட்காதீர்கள். உயர்ந்த ரூபாப் பெறுமதியுள்ள முத்திரைகளில், பத்திரங்களில் பேனாவால் கோடிட்டவற்றைக் கழுவிப் புதிதுபோல் விற்பதும் உண்டு. தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது 1935ஆம் ஆண்டின் படமுத்திரைத் தொகுதி: 9 சதத்தில் கொழுந்து பறிப்பு, 3 சதத்தில் சிவனொளிபாதமலை. அழகும் உண்டு, சிறு பெறுமதிகள் கைக்கெட்டும் விலையிலும் கிடைக்கின்றன.

பசையோடு கூடிய பயன்படுத்தாத முத்திரைக்குச் சந்தை மேலதிக விலை கொடுக்கிறது. நம் மலையகத்தின் ஈரத்தில் அந்தப் பசை ஓராண்டுகூடத் தாங்காமல் தாளோடு ஒட்டிக்கொள்ளலாம். காகிதத்தில் பழுப்புப் புள்ளிகள் படரலாம். உலர்ந்த பெட்டியும் ஈரமுறிஞ்சும் பைகளும் இல்லாதவர்கள் தபாலகத்தில் குத்தப்பட்டுப் பயன்படுத்திய முத்திரையையே வாங்கலாம். நானும் உறைகளைத்தான் விரும்புகிறேன், அவை ஊரின் பெயரையும் நாளையும் சுமந்து வருகின்றன. உலோக வில்லைகளை விற்பனையாளர் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால் தொகையைக் குறையுங்கள். வந்த பிறகு நீங்களும் தேய்க்காதீர்கள். தோட்ட வாழ்வின் உண்மையான பொருள்களைக் கண் பழக்கிக்கொள்ள, கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்து லயமொன்றில் அமைந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கும் கண்டி ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள். பழைய பொருளின் தேய்வும் துருவும் எப்படி இருக்கும் என்பதைப் படத்தில் கற்க முடியாது.

வென்ற பிறகு

உடனே பணம் செலுத்துங்கள்; நல்ல விற்பனையாளர் நம் நாட்டுக்கு அனுப்பத் தயங்குவது பெரும்பாலும் முன் அனுபவங்களால்தான். ஒரே விற்பனையாளரிடம் இரண்டு மூன்று பொருள் வென்றால், பணம் செலுத்துவதற்கு முன் ஒரே பொதியாகக் கட்டி அனுப்பும் செலவைக் கேளுங்கள். கண்காணிப்பு இலக்கத்தோடு அனுப்பக் கேட்பதும், பொருளின் உண்மையான விலையையே சுங்கப் படிவத்தில் எழுதச் சொல்வதும் அவசியம்; விலையைக் குறைத்து எழுதினால் அது சட்டத்துக்கு மாறு, தொலைந்தால் இழப்பீடும் கிடைக்காது.

ஈபேயின் பணமீட்பு உறுதியின்படி, பொருள் வந்து சேராவிட்டாலோ விவரித்தபடி இல்லாவிட்டாலோ, வந்த நாளிலிருந்து அல்லது வரவேண்டிய கடைசி நாளிலிருந்து 30 நாள்களுக்குள் முறையிட வேண்டும். நம் பொதிகள் சிலவேளை இரண்டு மாதம் எடுப்பதால், ‘இன்னும் கொஞ்சம் பொறுங்கள்’ என்று விற்பனையாளர் அன்பாகச் சொன்னாலும், அந்த 30ஆம் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு, அதற்கு முன் முறைப்பாட்டைத் திறந்துவிடுங்கள். பொருள் வந்தால் மூடிவிடலாம். பொதியைத் திறக்கும்போது கையடக்கத் தொலைபேசியில் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பொருளின் இருபுறத்தையும் படமெடுத்து, பதிந்த உச்சத் தொகை, செலுத்திய விலை, தபால், வங்கிக் கட்டணம், சுங்கம் எல்லாவற்றையும் ரூபாவில் அதே கொப்பியில் எழுதுங்கள். அடுத்த ஏலத்துக்கு முந்திய நாள் நீங்கள் முதலில் திறக்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.